'ஓகே'யை அழுத்துமுன்...



கணிப்பொறியைப் போட்டதும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். நாம் அதைப் படிப்பதில்லை. 'ஓகே'யை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். மறுநாளும் அதே பெட்டி, அதே வாசகம்! நம்மில் இதைப் பார்க்காதவர் உண்டா?

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மாலை நேரம் டைப்பிங் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் செருகிய பென் டிரைவ்களில் எல்லாம் ஃபைல்கள் ஷார்ட்கட்டாக மாறின. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வந்த நம் தோழி ஒருத்தி, மறுநாள் கொடுக்க வேண்டிய ஃபோல்டரைக் காணாமல் கடை வாசலிலேயே அழுதுவிட்டாள். கடைக்கார அண்ணன் உடனே ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் செய்தார். வைரஸ் போனது, ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பெட்டி வர ஆரம்பித்தது. பார்க்க வந்த மெக்கானிக், "ஃபார்மட் பண்ணாத்தான் சரியாவும்" என்றார். அண்ணனுக்கு மனசு வரவில்லை. எட்டு வருடத்துக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பூக்கட்டுகிறார். அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. ஆங்கிலத்தில் ஏதாவது கடிதம் வந்தால் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். "யாராச்சும் படிச்சவங்க வந்தா கேப்போம்" என்பார் அம்மா. வருகிறவர் சொன்னதுதான் வேதவாக்கு. அந்தப் பெட்டியும் எனக்கு அப்படி ஒரு கடிதமாகத்தான் தெரிந்தது. ஓகே கொடுக்காமல், அதில் இருந்ததை வார்த்தை வார்த்தையாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அது சொன்னது இவ்வளவுதான்: 'ஸ்கிரிப்ட் ஃபைலைக் காணோம்.' அதாவது, ஆன்டிவைரஸ் வைரஸ் ஃபைலை அழித்துவிட்டது. ஆனால் 'தினமும் காலையில் இதை இயக்கு' என்று வைரஸ் எழுதி வைத்த கட்டளை அப்படியே இருக்கிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரின் பெயரைச் சொல்லி ஒருவன் தினமும் கதவைத் தட்டுகிற மாதிரி! தட்டுகிறவனை நிறுத்த ஃபார்மட் எதற்கு?

அந்தக் கட்டளை மூன்று இடங்களில் இருக்கலாம்: டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர், ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பகுதி. மார்க் ருசினோவிச் உருவாக்கிய 'ஆட்டோரன்ஸ்' என்ற மென்பொருள் இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டும். ஃபைல் இல்லாத கட்டளைகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். எங்கள் கடையில் அது 'ரன்' பகுதியில் உட்கார்ந்திருந்தது. அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, ரெஜிஸ்ட்ரியை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, அந்த ஒரே வரியை நீக்கினேன். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்ட அண்ணன், "என்னம்மா, இன்னிக்கு ஓகே கேக்கவே இல்லையே!" என்றார்.

தோழியின் ஃபைல்களும் எங்கும் போய்விடவில்லை. அந்த வைரஸ் அவற்றை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கிறது. பென் டிரைவை ஸ்கேன் செய்தபின் 'அட்ரிப்' கட்டளையால் அந்த மறைப்பை நீக்கினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். ரிப்போர்ட்டை அவள் உரிய நாளில் கொடுத்துவிட்டாள்.

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடும். விண்டோஸ் 7-இல் அந்த வழியை அடைத்தார்கள். 2011-இல் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அடைத்தார்கள். அதனால்தான் இப்போது அது நம் ஃபைல் போல வேஷம் போட்டு, நம் கையாலேயே க்ளிக் செய்ய வைக்கிறது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்' நுழைந்ததும் பென் டிரைவில் இருந்த ஷார்ட்கட் வழியாகத்தான். நாம் பாடத்தில் படிக்கும் பி.எல்.சி.யைக் கெடுத்து, ஈரானின் அணுசக்தி நிலைய எந்திரங்களையே பாழாக்கியது அது!

ஒரு எச்சரிக்கை. 'எரரைச் சரிசெய்கிறோம்' என்று விளம்பரத்தில் வரும் இலவச மென்பொருள்களைத் தொடாதீர்கள்; பல சமயம் அவையே அடுத்த தொல்லை. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலேயே வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நமக்குப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இனி மற்றவர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே, பெட்டி வந்தால் பயப்படாதீர்கள். ஓகே கொடுக்குமுன் ஒரு தடவை படியுங்கள்!