பழைய வண்டியும் ஓர் அமானிதமே!

வாகனம் வைத்திருப்போர் எஞ்சினைப் பற்றிப் பேசாத நாளில்லை. ‘மைலேஜ் எவ்வளவு? புகை வருகிறதா?’ என்றே விசாரிப்பார்கள். முன்னச்சைப் பற்றியோ, ஸ்டியரிங் இணைப்புகளைப் பற்றியோ கேட்பவர் அரிது. எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. ஸ்டியரிங் இணைப்பு ஒன்று கழன்றாலோ வண்டி நிற்காது. கட்டுப்பாடின்றித் தன் போக்கில் ஓடும். முப்பது ஆண்டுகளாக லாரிகளின் அடியில் படுத்துப் பிழைப்பவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டை வாசகப் பெருமக்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அடையாறு ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில் உள்ளது ஊரூர் ஒல்காட் குப்பம். 1882இல் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்த கர்னல் ஒல்காட்டின் பெயர் இம்மீனவர் குப்பத்தின் பெயரிலும் நிலைத்துவிட்டது. அங்கே எனக்கு நெடுநாள் பழக்கமான மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார். காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிவர ஒரு பழைய டாடா 407 வைத்திருக்கிறார். 1986இல் அறிமுகமான இந்த வகை வண்டி உழைப்புக்குப் பெயர் பெற்றது. ஆயினும் இரும்பு இரும்புதானே! உப்புக் காற்று ஒருபுறமும், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் நீர் மறுபுறமுமாக அதை அரித்துக்கொண்டே இருக்கின்றன.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் வரத்து குறையும். வண்டிக்கு வேலை இராது. கையில் காசும் இராது. அப்படியொரு தடைக்காலத்தில்தான் அவர் வந்தார்.

“பாய், எஃப்.சி. நெருங்கிவிட்டது. ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. வாஷர் வைத்து இறுக்கி, கிரீஸை அடைத்துக் கொடுங்கள். காட்டிவிட்டு வந்துவிடுகிறேன். மற்றதை மீன் வரத்து தொடங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்.”

எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அந்த ஒருநாள் சோதனையைத் தாண்டினால் போதும் என்பது அவரது எண்ணம்.

முன்னச்சை ஜாக்கியில் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன், நன்றாக ஆடியது. வீல் பேரிங் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆடும். ஆகவே பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டினேன். பேரிங்கில் குறை என்றால், பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருக்கும். நிற்கவில்லை. எனவே, சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக நிற்கும் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன என்பது தெளிவாயிற்று. அடுத்துச் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தேன். இரு சக்கரங்களையும் இணைக்கும் டைராடின் முனைகள் ‘டக் டக்’ என்றன. கமான் பட்டையைத் தாங்கும் ஷாக்கில் பின்களும் துருவேறி, ஒருபுறம் தேய்ந்திருந்தன.

“அண்ணே, வாஷர் வைத்தால் ஆட்டம் மறையும், தேய்மானம் மறையாது. என் கையால் அதை மறைத்துத் தர இயலாது” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “உங்களுக்கென்ன பாய், சொல்லிவிட்டீர்கள். அடுப்பு எரிய வேண்டுமே!” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வேறு பட்டறைக்குப் போனால் அவர் கேட்டதைச் செய்து கொடுக்க ஆள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

கூட வந்திருந்த அவர் மனைவி, கூடை சுமந்து மீன் விற்றவர். “அக்கா, இதைப் பிடித்துப் பாருங்கள்” என்று டைராட் முனையை அவர் கையில் கொடுத்துச் சக்கரத்தை அசைத்தேன். உள்ளங்கையில் அந்த ஆட்டத்தை உணர்ந்தவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். “அறுந்துபோகும் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவீர்களா? இந்த வண்டியை ஓட்டுவது நம் பிள்ளையல்லவா?” என்றார். அதற்குமேல் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

வேலையை இரண்டாகப் பிரித்தோம். கிங் பின் செட், டைராட் முனைகள், ஷாக்கில் பின், புஷ் ஆகியவை இரு புறமும் உடனே. மேல் துரு மட்டுமே படிந்த பட்டைகளும், தொட்டியின் தகர வேலையும் பிறகு. சாமானுக்கான பணத்தை அவர் தந்தார்; என் கூலியைத் தவணையில் பெற்றுக்கொள்ள இசைந்தேன்.

புதுப்பேட்டையில் தொழில் பழகிய என் அத்தா அடிக்கடி சொல்வார்: “கதவைப் பழையதில் வாங்கு, பம்பரைப் பழையதில் வாங்கு, ஸ்டியரிங் சாமானை மட்டும் வாங்காதே!” உள்ளே ஓடிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்று புதிய உதிரிப்பாகங்களையே வாங்கி வந்தோம்.

துருப்பிடித்த கிங் பின்னைக் கழற்றவே ஒரு பகல் கழிந்தது. புதிய புஷ்களை அடித்து இறக்கி, ரீமர் கொண்டு அளவாகக் கடைந்து, பின் இறுக்கமாகவும் அதே வேளையில் தடையின்றித் திரும்பும்படியும் பொருத்தினோம். டைராட் நட்டுகளுக்குப் புதிய ஸ்பிளிட் பின் மாட்டினோம். ஒரு சிறு கம்பித் துண்டுதான். நட்டு கழன்றுவிடாமல் காப்பது அதுவே. கிரீஸ் அடைக்கும்போது அச்சைத் தூக்கியே வைத்திருந்தோம்; பாரம் அழுத்தினால் கிரீஸ் எல்லாப் பக்கமும் பரவாது. இறுதியில் முன் சக்கரங்களின் டோ-இன் அளவைச் சரிபார்த்தோம். இதைத் தவிர்த்தால் புது டயரும் விரைவில் தேய்ந்துவிடும்.

வண்டி சோதனையில் தேறியது. கூலியின் கடைசித் தவணை வந்து சேர ஐப்பசி ஆயிற்று. அதில் எனக்குக் குறையேதுமில்லை.

வீட்டில் வண்டி வைத்திருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே! நேரான சாலையில் வண்டி ஒருபுறம் இழுத்தாலும், ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பியும் சக்கரம் அசையாதிருந்தாலும், பள்ளத்தில் இறங்கும்போது முன்னே ‘டக்’ என்று ஒலித்தாலும், டயர் ஓர் ஓரமாகத் தேய்ந்தாலும் நாள் கடத்தாதீர்கள். ஒருபுறம் மட்டும் மாற்றிச் சிக்கனம் தேடாதீர்கள். புதிய பக்கமும் தேய்ந்த பக்கமும் ஒருபோதும் ஒத்துப்போகா. பணம் போதவில்லையெனில் பெயின்ட்டைத் தள்ளிப்போடுங்கள், இருக்கை உறையைத் தள்ளிப்போடுங்கள், ஸ்டியரிங்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாலையோரம் பள்ளிக்குச் செல்லும் குழந்தை நம் வண்டியின் தகுதிச் சான்றைப் பார்த்துவிட்டு நடப்பதில்லை. நம்மை நம்பி நடக்கிறது. அந்த நம்பிக்கை வண்டிக்காரருக்கும் பழுது பார்ப்பவருக்கும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!