லீவுக்கு எந்தக் காட்டுக்குப் போலாம் மாமா?

ஏப்ரல் பொறந்தா எனக்கு ரெண்டு வேலை உறுதி. ஒண்ணு, சொட்டுநீர்க் குழாயில எலி கடிச்ச இடத்தையெல்லாம் தேடித் தேடி ஒட்டுறது. இன்னொண்ணு, சென்னையில இருந்து தங்கச்சி போன் பண்ணுவா. "அண்ணா, பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சுது. இந்த வருஷம் எந்தக் காட்டுக்குப் போலாம்?"

எங்க ஊரு பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரம். எங்க பேச்சுல வெள்ளாமை பண்ற நிலத்துக்கும் காடுன்னுதான் பேரு. "எங்க போறீங்க?"ன்னா "காட்டுக்கு"ன்னுதான் சொல்லுவோம். கடலைக்காடு, சோளக்காடு, கரும்புக்காடு. அதனால தங்கச்சி பையன் சின்னதுல ஒரு தடவை, "மாமா, நீங்க தினமும் காட்டுக்குப் போறீங்களே, புலி பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டான். இல்லடா கண்ணு, காட்டுப்பன்னி பாத்திருக்கேன்னேன். அவனுக்கு ரொம்ப ஏமாத்தம்.

அன்னைல இருந்துதான் இந்தக் கோடைப் பயணம் ஆரம்பிச்சுது. அவன், அவன் தங்கச்சி, என் பொண்ணு, மூணு வாண்டுங்க. பெரியவங்க நாலு பேரு. பட்டணத்துல இருந்து நிறையப் பேரு இதே கேள்வியை எங்கிட்டயும் கேக்கறீங்க. அடிவாரத்துக்காரனுக்குத் தெரியும்னு நினைப்பு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தப்புப் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டதுதான், அதையே சொல்றேன்.

முதல்ல போனது முதுமலை. 2023 மே மாசம். அந்த வருஷம் மார்ச்சுலதான் தெப்பக்காட்டு யானைக்குட்டிகளைப் பத்தின 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் கிடைச்சிருந்தது. பசங்க வேற எடமே பேசலை. காலைல நாலு மணிக்குக் கிளம்பினா மத்தியானத்துக்குள்ள பாத்துட்டு ராத்திரி வீடு வந்துடலாம்னு நான் போட்ட கணக்கு இருக்கே, அதை நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. மே மாசத்து ஊட்டி ரோடு எப்படி இருக்கும்னு நான் யோசிக்கவே இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டினதுல இருந்தே வண்டி ஊர்ந்துதான் போச்சு. சின்னவ கொண்டை ஊசி வளைவுல ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. ஊட்டியில இருந்து கூடலூர் இறங்கி, தெப்பக்காடு போய்ச் சேரும்போது மத்தியானம் ஒரு மணி. வெயில் மண்டையைப் பொளக்குது.

மத்தியான வெயில்ல எந்த ஜீவனும் வெளிய வராது. எங்க வீட்டு எருமையே வராது. விவசாயிக்கு இது தெரியாதான்னு வீட்டுக்காரி கேட்டா. பதில் இல்லை. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, வனத்துறை வண்டியில ஏறினோம். முக்கால் மணி நேரம். புள்ளிமான், கருங்குரங்கு, ஒரு மயில், புதருக்குப் பின்னால காட்டெருமையோட முதுகு. அந்த முதுகும் உண்ணிச்செடிக்கு நடுவுல. நம்ம பக்கம் வேலியில முளைக்குமே, அதே செடிதான். வெளிநாட்டுல இருந்து அழகுக்காகக் கொண்டாந்தது, இப்போ முதுமலைல மான் மேயற புல்லையெல்லாம் மூடிக்கிட்டு நிக்குது. "அவ்ளோதானா மாமா?"ன்னு பையன் கேட்டப்போ மணி ஆறரை.

அதுல கத்துக்கிட்டதுதான் என்னோட முதல் கணக்கு: குழந்தைகளோட போறதுன்னா, என்ன மிருகம் இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி, எத்தனை மணி நேரம் வண்டியில உக்காரணும்னு பாருங்க. காலைல வெளிச்சம் வர்ற நேரத்துல காட்டு வாசல்ல நிக்க முடியற இடம்னா சரி. இல்லைன்னா முதல் நாளே போய்ப் பக்கத்து ஊர்ல தங்கிடுங்க. தமிழ்நாட்டுல தேசியப் பூங்கான்னு அஞ்சு இருக்கு. அதுல முக்கூர்த்தி சாதாரணமா டூரிஸ்ட் போற இடம் இல்லை. மன்னார் வளைகுடா கடலுக்குள்ள இருக்கற 21 தீவு. பவளப்பாறை பாக்க எனக்கும் ஆசைதான், மலையடிவாரத்துக்காரன் கடல்னா கொஞ்சம் பயப்படறேன், இன்னும் போகலை. இப்போ முதுமலைக்குப் போறவங்க இன்னொண்ணும் பாத்துக்கணும். நீலகிரிக்குள்ள நுழைய இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து. அப்புறம், கோடையில காட்டுத்தீ அபாயம் இருந்தா திடீர்னு மூடிடுவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க.

ஆனா ஒண்ணு, கோடைக்குன்னு ஒரு நல்லதும் உண்டு. இலை உதிர்ந்து கிடக்கும், தூரம் வரைக்கும் கண்ணு போகும். குட்டைங்க வத்திப்போய், மிச்சம் இருக்கற தண்ணிக்கு எல்லாம் தேடி வரும். மழைக்காலத்துல காடு பச்சைன்னு அழகா இருக்கும். ஆனா பத்தடி தள்ளி யானை நின்னாலும் தெரியாது.

ரெண்டாவது வருஷம் இரவிகுளம், மூணாறு பக்கம். கேரளாதான், ஆனா எங்களுக்கு உடுமலை வழியாப் போனா பக்கம். ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, மறையூர். போற வழியே காடுதான். வரையாடு குட்டி போடற சமயம்னு பிப்ரவரி, மார்ச்சுல அங்க மூடி வெச்சிருப்பாங்க. நாங்க போனது 2024 ஏப்ரல் கடைசி. ராஜமலை வாசல்ல இருந்து அவங்க பஸ்ஸுலயே மேல கொண்டுபோய் விடறாங்க. அதுக்கப்புறம் தார் ரோட்டுல நடக்க வேண்டியதுதான். சின்னவளுக்கு ஏழு வயசு, ஒரு எடத்துலயும் தூக்கச் சொல்லலை. ரோட்டோரப் பாறை மேல தாய் ஆடு நிக்குது, பக்கத்துல ரெண்டு குட்டி. மனுஷனைப் பாத்து ஓடவே இல்லை. அவ சத்தமே போடாம உக்காந்துட்டா. பத்து நிமிஷம். அவ பத்து நிமிஷம் சும்மா உக்காந்து அவ அம்மாவே பாத்ததில்லையாம். மேல ஆனைமுடி 2,695 மீட்டர், மேகத்துக்குள்ள தலை தெரியலை. ஸ்வெட்டர் எடுக்காமப் போய் நான்தான் நடுங்கினேன், குழந்தைங்க இல்லை. டிக்கெட்டை ஆன்லைன்லயே எடுத்துடுங்க. மே மாசத்து வரிசையை வெயில்ல நின்னு அனுபவிக்க வேண்டாம்.

புலி இல்லையேன்னு பையனுக்கு அப்பவும் குறைதான். ஆனா நடந்து பாக்கற காடு வேற, வண்டிக்குள்ள இருந்து பாக்கற காடு வேறன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

நடுவுல ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனப்போ கிண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். பசங்க வேளச்சேரியில இருக்காங்க. கூப்பிடற தூரத்துல தேசியப் பூங்கா ஒண்ணு இருக்குன்னு பொள்ளாச்சிக்காரன் போய்ச் சொல்ல வேண்டியிருக்கு! நம்ம நாட்டுலயே ரொம்பச் சின்ன தேசியப் பூங்காக்கள்ல ஒண்ணு, 2.7 சதுர கிலோமீட்டர். கவர்னர் மாளிகைத் தோட்டமா இருந்த காடு. உள்ளே எல்லாரையும் விடமாட்டாங்க, ஒட்டியிருக்கற சிறுவர் பூங்காதான் நமக்கு. சென்னையில இருக்கறவங்க குழந்தை ரொம்பச் சின்னதா இருந்தா அங்கயே ஆரம்பிங்க.

இனி டாப்சிலிப். சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருந்தேன்.

எங்க வீட்டுல இருந்து சேத்துமடை செக்போஸ்ட் முக்கால் மணி நேரம்கூட இல்லை. பக்கத்துல இருக்கறதாலேயே கூட்டிட்டுப் போகாம வெச்சிருந்தேன். போன வருஷம்தான் போனோம். செக்போஸ்ட்டுல பிளாஸ்டிக் இருக்கான்னு பையைத் தேடினாங்க, என் பொண்ணோட சிப்ஸ் பாக்கெட் போச்சு. காலைலயே மேல ஏறிட்டோம். வெள்ளைக்காரன் காலத்துல மேல வெட்டின தேக்கு மரத்தை அந்த உச்சியில இருந்து சறுக்கி விட்டுத்தான் கீழ கொண்டாந்தாங்க, அதுல வந்த பேருதான் டாப்சிலிப். மொத்த மரத்தையும் வெட்டித் தள்ளின பின்னாடி, ஹியூகோ வுட்னு ஒரு வன அதிகாரி திரும்பத் தேக்கை வளர்த்தெடுத்தாரு. அவரு சமாதியும் அங்கேயே இருக்கு. இந்தத் தேக்கங்காட்டுல பாதி நட்டு வளர்த்த வெள்ளாமைதான்டான்னு பையன்கிட்டச் சொன்னேன், எனக்கு அதுல ஒரு பெருமை.

புல்வெளியில காட்டுப்பன்னிக் கூட்டம் குட்டிங்களோட மேஞ்சுட்டு இருந்தது. சின்னவ, "ஐயோ, எவ்ளோ அழகு!"ன்னு போட்டோ எடுக்கறா. என் கை தன்னால கல்லைத் தேடுது. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் ஒரே ராத்திரியில அரை ஏக்கர் கடலையைப் பொரட்டிட்டுப் போயிருந்ததுங்க. டிக்கெட் வாங்கி வந்து இதுங்களைப் பாக்கறீங்களே, எங்க காட்டுக்கு வந்தா சும்மாவே காட்டுவேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது.

அப்புறம் கோழிகமுத்தி யானை முகாமுக்கு வேன்ல போனோம். வரிசையா யானைங்க. பாகனுங்க பக்கத்துல நிக்கறாங்க. ராகி உருண்டையை வாயில வெக்கறதைக் கிட்டக்க இருந்து பாக்கலாம். ஒரு பெரிய கொம்பனைக் காட்டி, "இவன்தான் சின்னத்தம்பி"ன்னாரு கூட வந்தவரு.

உங்கள்ல பல பேருக்குச் சின்னத்தம்பியை ஞாபகம் இருக்கும். 2019 ஜனவரியில கோயமுத்தூர் தடாகம் பக்கம் புடிச்சு, லாரியில ஏத்தி, எங்க மலையில கொண்டாந்து விட்டாங்க. ஒரு வாரத்துக்குள்ள இறங்கிட்டான். கோட்டூர், அங்கலக்குறிச்சின்னு எங்க பக்கமெல்லாம் சுத்தி, உடுமலை தாண்டிக் கண்ணாடிப்புத்தூர் கரும்புக்காட்டுல போய் உக்காந்துக்கிட்டான். யாரையும் அடிக்கலை. கரும்பு தின்னான், தண்ணி குடிச்சான், தூங்கினான். டிவிக்காரங்க எல்லாம் அங்கதான் கிடந்தாங்க. அவனைக் காட்டுலயே விடுங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. பிப்ரவரியில திரும்பவும் மயக்க ஊசி போட்டுப் புடிச்சு, வரகளியாறு கரால்ல, அதாவது மரக்கூண்டுல அடைச்சாங்க. பழக்கிக் கும்கியாக்கிட்டாங்க.

பையன் கேட்டான். "இவன் யாரையாவது கொன்னுட்டானா மாமா?"

"இல்லடா."

"அப்புறம் என்ன தப்பு பண்ணான்?"

"கரும்பு தின்னான்."

"அதுக்கா?"

அதுக்குத்தான். அவனுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. அந்தக் கரும்புக்காட்டுக்குப் பக்கத்துக் காடு எங்க மச்சானோடது. புடிச்சுட்டுப் போங்கன்னு விவசாயிங்க குடுத்த மனுவுல என் கையெழுத்தும் இருந்தது. ஒரு வருஷத்துக் கரும்பு, பேங்க் கடன், ராத்திரி தூக்கமில்லாத பதினஞ்சு நாள். அப்போ அது சரின்னுதான் பட்டுது. இன்னைக்குக் கேட்டாலும் தப்புன்னு சொல்ல வாய் வரலை. அதே வருஷம் அரிசி ராஜான்னு ஒருத்தன் எங்க அர்த்தநாரிபாளையம் பக்கம் மனுஷங்களையே கொன்னான். நவம்பர்ல அவனைப் புடிக்கற வரைக்கும் இருட்டினா யாரும் மோட்டார் போடப் போகலை. யானைன்னா எங்களுக்கு அதுவும்தான்.

ஆனா அந்தக் கொம்பன் முன்னாடி நின்னு, பதினோரு வயசுப் பையன்கிட்ட இதையெல்லாம் சொல்ல முடியலை. கால்ல சங்கிலி. அவன் பாட்டுக்குத் தழையை ஒடிச்சு முட்டியில தட்டி மண்ணை உதறிட்டுத் தின்னுட்டு இருந்தான். ரொம்ப சுத்தக்காரன். என்னைப் பாத்தானா, தெரியாது. நான் அவனைச் சரியாப் பாக்கலை.

வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடும்போது பையன் அம்மாயிகிட்டப் பூராக் கதையும் சொன்னான். எங்கம்மா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "உங்க மாமனும்தான் கையெழுத்துப் போட்டான் சாமி"ன்னு சொல்லிடுச்சு. பையன் என்னைப் பாத்தான். ஒண்ணும் கேக்கலை. அடுத்த நாள் காலைல எங்கூடத் தோட்டத்துக்கு வந்தான். போன மாசம் யானை முறிச்சுப் போட்ட ஆறு தென்னையைக் காட்டினேன். எட்டு வருஷத்து மரம், குருத்தை மட்டும் தின்னுட்டுப் போட்டிருந்தது. ஒவ்வொண்ணா எண்ணினான். "இதுக்கு எவ்ளோ காசு மாமா?"ன்னான். சொன்னேன். ரொம்ப நேரம் வரப்புலயே உக்காந்திருந்தான்.

அதனால டாப்சிலிப்புக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுவேன். வால்பாறை, பரம்பிக்குளம்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் சேக்காதீங்க, அது ஒண்ணுக்கே ஒரு நாள் வேணும். முகாம்ல சீக்கிரம் கிளம்புங்கன்னு குழந்தைங்களை அவசரப்படுத்தாதீங்க. பன்னண்டு மணிக்கு மேல வேனுக்குக் கூட்டம் சேர்ந்துடும், காலைலயே போயிடுங்க. கீழ இறங்கும்போது ஏதாவது ஒரு தோட்டத்துக்காரன்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசுங்க. எளநீ கிடைக்கும்.

நேத்து ராத்திரி தங்கச்சி போன் பண்ணினா. நாகரஹொளே போலாமா, அங்க புலி கிடைக்குமாம்னு மாப்பிள்ளை சொல்றாராம். பையன் போனைப் பிடுங்கி, "இல்ல மாமா, டாப்சிலிப்தான். சின்னத்தம்பியைப் பாக்கணும். ஒரு கட்டு கரும்பு வாங்கி வெய்யுங்க"ன்னான். சரின்னு சொல்லிட்டேன். முகாம்ல வெளியாளுங்க எதுவும் குடுக்கக் கூடாது, அதை வந்தப்புறம் நேர்ல சொல்லிக்கலாம். மச்சான் இந்த வருஷமும் கரும்புதான் போட்டிருக்காரு, ஒரு கட்டு வெட்டி வெக்கச் சொல்லியிருக்கேன்.