வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை

மே 31

பழைய பல்லாவரத்துச் சந்தில் குட்டியானை வண்டி வந்து நின்றபோது மணி ஏழு. பீரோவை மாடியிலிருந்து இறக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அந்தப் பெண், நான்கு வருடம் குடியிருந்த வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே இருந்தது. சமையலறை மூலையில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது. இவர்கள் குடிவந்த அன்றே இருந்த பொரிவு அது.

வாடகை 9,000. கொடுத்த அட்வான்ஸ் 54,000.

சாவியை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர், "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துடுறேம்மா" என்றார்.

ஜூன் 2

குரோம்பேட்டை வீட்டுக்கு 60,000 கொடுக்க வேண்டியிருந்தது. வளையல் அடகுக்குப் போயிற்று. வீடு மாறும் ஒவ்வொரு குடும்பமும் சில வாரங்களுக்காவது இரண்டு அட்வான்ஸைச் சுமக்கிறது. பழைய வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எடுத்து வைத்திருப்பதில்லை. மகள் கல்லூரிக் கட்டணமாகவோ மாடி கட்டிய கடனாகவோ அது என்றைக்கோ கரைந்திருக்கும். அடுத்து வருபவர் தந்தால்தான் காலி செய்தவருக்குக் கிடைக்கும். வீட்டுக்காரர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்தப் பணம் அவருடையது இல்லையே!

ஜூன் 9

வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. "வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவேன். எல்லா இடத்திலும் அதான் வழக்கம்."

வழக்கம்தான். தாம்பரம் வரை யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை வேறு சொல்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்சு பழுது பார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை, வீட்டுக்காரர் பொறுப்பு. ஊரே கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவரும் இந்தப் பிடித்தத்தை இத்தனை தெளிவாக மறுக்கும் வரியை வாடகைக்கு இருப்பவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

ஜூன் 15

அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. இங்கும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தால் விலக்கு உண்டு. ஆறு மாதமும் பத்து மாதமும் அந்தச் சந்து வழியாகத்தான் நுழைகின்றன. இதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கவே விடவில்லை. கூடுதலாக வாங்கியதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் 11-ஆவது பிரிவில் உண்டு. தவறினால் இத்தனை மடங்கு என்ற வரிதான் அங்கே இல்லை. இங்கிலாந்தில் 2007 முதல் அட்வான்ஸை அரசு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றின் கீழ் கொண்டுவர வேண்டும். வாங்கிய 30 நாளுக்குள் அதைச் செய்யாத வீட்டுக்காரரிடமிருந்து, அட்வான்ஸ் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் இழப்பீடு வாங்கித் தரும். பணத்தைத் தொடவே யோசிப்பார்கள். நமக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்.

ஜூலை 1

மாதம் முடிந்தது. அந்தப் பெண் பழைய காகிதங்களை விரித்து உட்கார்ந்தார். பதினோரு மாத ஒப்பந்தம், இருபது ரூபாய்ப் பத்திரத்தில். பிறகு புதுப்பிக்கவில்லை, வாடகை அதிகாரியிடம் பதியவும் இல்லை. பதியாததைச் சான்றாகக் காட்டுவது கடினம். 34,000 வங்கி வழியாகப் போனதற்குக் கணக்கு இருக்கிறது. மீதி 20,000 கையில் கொடுத்தது, ரசீது இல்லை.

இருந்தாலும் கடிதம் எழுதினார். காலி செய்த தேதி, சாவி கொடுத்த தேதி, தொகை, 11-ஆவது பிரிவு. பதிவுத் தபாலில் போயிற்று.

ஜூலை 12

45,000 வந்தது. வெள்ளையடிக்க என்று 9,000 பிடித்தம்.

ஜூலை 14

பழைய முகவரிக்கு வந்த தபாலை வாங்கப் போனார். மாடியில் புதுக் குடும்பம் வந்திருந்தது. கதவு திறந்திருந்தது. சுவரில் புதுப் பூச்சு இல்லை. சமையலறை மூலையில் அதே பொரிவு. இவர் அடித்த ஆணியில் அவர்கள் காலண்டரை மாட்டியிருந்தார்கள். அனுமதி கேட்டு, செல்போனில் சுவரை இரண்டு படம் எடுத்துக்கொண்டார்.