குதிக்காதே... கயிறு எறி!

உங்க ஜாதகத்துல 'தண்ணில கண்டம்' இருக்கா ஃப்ரெண்ட்ஸ்?

எனக்கு இருக்காம்! எங்க ஊர் ஜோசியர் எப்பவோ சொன்ன அந்த ஒரு வார்த்தையை வெச்சே, ஸ்கூல் டூர்ல ஒகேனக்கல், குற்றாலம், பீச்னு ஈரமா இருக்கிற எல்லா இடத்தையும் அம்மா 'கட்' பண்ணிட்டாங்க. அப்படி வளர்ந்த நான்தான் இப்போ கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல மூணாவது வருஷம். மழை பிடிச்சதும் கயாக்கைத் தூக்கி வேன் மேல கட்டிக்கிட்டு கேரளாவுக்குக் கிளம்புற கோஷ்டியில ஒருத்தி.

'பாறைக்கு நடுவுல, நுரை தள்ளி ஓடுற காட்டாத்துல படகு ஓட்டுறதா? கொழுப்புதானே!'ன்னு நீங்க முணுமுணுக்கிறது காதுல விழுது. பேசுவோம்.

தலைகீழா ஒரு அட்மிஷன்

எங்க கிளப்புல மொத்தம் பதினோரு பேர். சொத்து மூணு பழைய பிளாஸ்டிக் கயாக், நாலு ஹெல்மெட், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், விசில். அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் நாள் ஆத்தைக் கண்ணுல காட்டவே இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில நீச்சல் குளம். சீனியர் அக்கா என்னை கயாக்ல உட்கார வெச்சு, இடுப்பைச் சுத்தி ரப்பர் பாவாடை மாதிரி ஒண்ணை மாட்டி, படகோட விளிம்புல இறுக்கினாங்க. தண்ணி உள்ளே வராம இருக்க இது. அடுத்த செகண்ட், படகைக் கவிழ்த்துட்டாங்க!

தலை கீழே, படகு மேலே. மூக்குல தண்ணி. "பதறாதே. முன்னாடி குனி, பாவாடையோட முனையில இருக்கிற வளையத்தைப் பிடிச்சு இழு, வெளியே வா." கரையில பத்து தடவை சொல்லிக் கொடுத்ததை, தலைகீழா இருந்தப்போ பதினோராவது தடவையா நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். வந்துட்டேன். இந்த ஒரு பாடம் கைக்கு வராத யாரையும் கிளப் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகாது. எவ்வளவு பெரிய நீச்சல் வீரரா இருந்தாலும் சரி.

கயாக் என்பதே ஆர்க்டிக் பனிப்பிரதேச மக்கள் வேட்டைக்காகக் கண்டுபிடிச்ச படகு. மரம், எலும்புச் சட்டத்து மேல சீல் தோலைப் போர்த்திச் செஞ்சாங்க. அந்தக் கடல்ல விழுந்தா குளிரே ஆளை முடிச்சிடும். அதனால படகு கவிழ்ந்தாலும் வெளியே வராம, துடுப்பைத் தண்ணியில வீசி, இடுப்பை வெட்டி நிமிர்ற வித்தையைக் கத்து வெச்சிருந்தாங்க. இதுக்குப் பேரு 'ரோல்'. எனக்கு அது கைகூட அஞ்சு மாசம் ஆச்சு. (குடிச்ச குளோரின் தண்ணிக்குக் கணக்கே இல்லை!)

விநாடிக்கு எழுபது யானை

ஆடி மாசம் வந்தா பேப்பர்ல பார்ப்பீங்க... 'நீர்வரத்து விநாடிக்கு 10,000 கன அடி'. படிச்சிட்டு அடுத்த பக்கம் சினிமா நியூஸுக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கிளப்புல முதல் தியரி கிளாஸே அந்த வரிதான்.

ஒரு கன அடி தண்ணி சுமார் 28 லிட்டர், அதாவது 28 கிலோ. அப்போ 10,000 கன அடின்னா விநாடிக்குச் சுமார் 283 டன். ஒரு யானை நாலு டன்னுன்னு வெச்சுக்கிட்டா, ஒவ்வொரு விநாடியும் எழுபது யானை உங்க முன்னாடி ஓடுது! இன்னொரு விஷயம்... தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா, அது உங்க மேல மோதுற விசை நாலு மடங்கு ஆகும். வேகம் மூணு மடங்குன்னா விசை ஒன்பது மடங்கு. ஒகேனக்கல்ல நீர்வரத்து கூடினதும் பரிசல் ஓட்டத் தடை போடுறாங்களே, சும்மா இல்லை.

அதனால எங்க கிளப்போட முதல் சட்டம், ஓடுற தண்ணியில முழங்காலுக்கு மேல இருந்தா எழுந்து நிற்க முயற்சி பண்ணவே கூடாது. நமக்கு விழுந்தவுடனே காலை ஊன்றத்தான் தோணும். ஆனா அடியில ரெண்டு பாறைக்கு நடுவுல பாதம் மாட்டிக்கிச்சுன்னா, பின்னாலிருந்து வர்ற தண்ணி உடம்பை முன்னாடி மடிச்சு அமுக்கிடும். இடுப்பளவு தண்ணியிலேயே ஆள் போயிடலாம். அதனால மல்லாந்து படு, காலை நீரோட்டம் போற திசையில நீட்டு, கால்விரல் தண்ணிக்கு மேல தெரியட்டும். பாறை வந்தா காலால உதைச்சு விலகு.

புலிக்கயம்

நாங்க போற ஊர் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரி. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குற சாலிப்புழாவும் இருவஞ்சிப்புழாவும்தான் எங்க கிளாஸ் ரூம். 2013-ல் தொடங்கின 'மலபார் ரிவர் ஃபெஸ்டிவல்' இந்த ஆறுகள்லதான் நடக்குது. உலகத்தோட பல மூலையிலிருந்தும் கயாக் வீரர்கள் வந்து மழைக்கால வெள்ளத்துல மோதுவாங்க. ஒலிம்பிக்ல இந்த வெள்ளை நீர் விளையாட்டு 1972 மியூனிக்லயே தலைகாட்டிடுச்சு. 2024 பாரிஸ்ல நாலு கயாக்கை மேடையிலிருந்து ஒண்ணா தண்ணிக்குள்ள தள்ளிவிட்டு 'யார் ஃபர்ஸ்ட்'னு பார்க்கிற 'கயாக் கிராஸ்' போட்டியும் சேர்ந்தாச்சு.

சாலிப்புழாவுல முக்கியமான இடத்துக்குப் பேர் புலிக்கயம். 'கயம்'னா ஆழமான நீர்நிலை. நம்ம சங்கத் தமிழ்லயும் இருக்கிற அதே வார்த்தை! தமிழ் கிளாஸ்ல தூங்காம இருந்திருந்தா பேரைக் கேட்டதுமே உஷாராகியிருக்கலாம்.

அங்கே போனதும் முதல் வேலை படகை இறக்குறதுன்னு நினைச்சா, அதுவும் இல்லை. நடைதான். கரையோரமா நடந்து, இறங்கப் போற ஒவ்வொரு நுரைப் பாய்ச்சலையும் மேலேயிருந்து கீழே வரை பார்க்கணும். தண்ணி எங்கே நாக்கு மாதிரி வழுவழுன்னு இறங்குது? எந்தப் பாறைக்குப் பின்னாடி தண்ணி திரும்பி மேல்நோக்கி ஓடி, நமக்கு மூச்சு வாங்க இடம் தருது? அதை நாங்க 'எடி'ன்னு சொல்வோம். ஆத்துக்கு நடுவுல ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி. எங்கே மரம் விழுந்து கிடக்கு? இந்த மரம்தான் எமன். டீ வடிகட்டியில டீ இறங்கும், தூள் மாட்டிக்கும் இல்லையா? தண்ணி டீ, நாம தூள்.

பாய்ச்சல்களை உலகம் முழுக்க 1-லிருந்து 6 வரை தரம் பிரிக்கிறாங்க. 1 சும்மா சலசலப்பு. 6 உயிரோட விளையாட்டு. எங்க கிளப்போட எல்லை 3. ஆனா இந்த நம்பர் பாறையில பெயின்ட் அடிச்சு வெச்சதில்லை. ராத்திரி மலையில மழை கொட்டினா, நேத்து 3 இன்னிக்கு 4 ஆயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டம் கை சைகை பத்தினது. தண்ணி இரைச்சல்ல குரல் கேட்காது. அதனால முன்னாடி போனவர் கையைக் காட்டுவார். அந்தக் கை எப்பவும் போக வேண்டிய பக்கத்தைத்தான் காட்டணும். ஆபத்து இருக்கிற பக்கத்தைக் காட்டவே கூடாது. பதற்றத்துல இருக்கிறவன் விரல் காட்டுற பக்கம்தான் போவான். (இதை நம்ம சொந்தக்காரங்களுக்கும் யாராவது சொல்லிக் கொடுங்களேன்!)

'நான் நடந்தே வர்றேன்'

போன சீஸன்ல மூணாவது நாள். ராத்திரி முழுக்க மழை. முந்தின நாள் நான் சிரிச்சுக்கிட்டே இறங்கின பாய்ச்சல், காலையில டீத்தூள் கலர்ல உறுமிக்கிட்டு இருந்தது. பாறை ரெண்டைக் காணோம். முழுகிடுச்சு.

எல்லாரும் நின்னு பார்த்தோம். எனக்கு வாய் உலர்ந்து போச்சு. சோதனைக்குத் துப்பிப் பார்த்தேன், எச்சிலே வரலை. சிரிக்காதீங்க, துப்ப முடியலைன்னா உடம்பு பயந்திருக்குன்னு சீனியர்ஸ் சொல்வாங்க. "நான் நடந்தே வர்றேன்"னு சொன்னேன்.

நம்ம காலேஜ்ல வேற எந்த கேங்கிலேயாவது இப்படிச் சொல்லிப் பாருங்க. 'பயந்தாங்கொள்ளி'ன்னு வருஷம் பூரா ஓட்டுவாங்க. இங்கே யாரும் ஏன்னு கூடக் கேட்கலை. அக்கா மட்டும் "சரிடீ, அப்போ கீழே கயிறோட நில்லு"ன்னாங்க. இன்னும் மூணு பேர் என்னோட நடந்தாங்க.

கயிறுன்னா ஒரு சின்னப் பை. உள்ளே பதினெட்டு மீட்டர் மிதக்கிற கயிறு, மடிக்காம அப்படியே திணிச்சிருக்கும். ஒரு முனையைக் கையில பிடிச்சுக்கிட்டு பையை வீசினா, பறக்கப் பறக்கக் கயிறு தானா வெளியே வரும். கயிறை ஒருநாளும் கையில சுத்திக்கட்டக் கூடாது. அவரோட சேர்த்து நம்மளையும் இழுத்துடும்.

முதல் ரெண்டு பேர் அழகா இறங்கினாங்க. மூணாவதா அக்கா. நடு அலையில படகு கவிழ்ந்தது. ஒரு ரோல் முயற்சி. ரெண்டு. நிமிரலை. பிறகு படகு தனியா, ஆரஞ்சு ஹெல்மெட் தனியா வந்தது. எனக்குக் கீழே முப்பது மீட்டர்ல விழுந்த மரம்.

"கயிறு!"னு கத்தினேன். அவங்க என்னைப் பார்த்தாங்க. வீசினேன். பை அவங்க தலையைத் தாண்டி விழ, கயிறு நெஞ்சு மேல படிஞ்சது. பிடிச்சாங்க. நான் பாறையில காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துட்டேன். இழுக்கத் தேவையே இல்லை, கடிகார ஊசல் மாதிரி தண்ணியே அவங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துடுச்சு. மொத்தம் பத்து செகண்ட் இருக்குமா? எழுந்து வந்து இருமிக்கிட்டே, "நல்லவேளை, நீ இறங்கலை"ன்னாங்க.

நடந்து வந்த நாலு பேர் இல்லைன்னா கரையில கயிறு பிடிக்க ஆள் ஏது?

நம்ம ஊர் தடுப்பணை

நான் ஏன் வீட்டோட சண்டை போட்டு இந்த கிளப்புல சேர்ந்தேன்னு சொல்லலையே. பத்தாவது படிக்கிறப்போ எங்க தெருவுல ஒரு அண்ணன். இன்ஜினீயரிங் செகண்ட் இயர். லீவுக்கு ஃப்ரெண்ட்ஸோட தடுப்பணைக்குக் குளிக்கப் போனாங்க. ஒருத்தர் வழுக்கி உள்ளே போனார். காப்பாத்த எங்க அண்ணன் குதிச்சார். அவரைக் காப்பாத்த இன்னொருத்தர். மூணு பேரும் திரும்பலை. மூணு பேருக்கும் நீச்சல் தெரியும்.

'சுழல் இழுத்துடுச்சு', 'விதி'ன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. கிளப்புக்கு வந்த பிறகுதான் எனக்குக் காரணம் புரிஞ்சது. தடுப்பணை மேல வழியிற தண்ணி, கீழே அடிவரை போய் முட்டி, மேலே எழுந்து, திரும்ப அணைச் சுவரை நோக்கியே ஓடும். வாஷிங் மெஷின் மாதிரி. உள்ளே மாட்டினவரை சுவருக்கு இழுக்கும், அமுக்கும், வெளியே விடும், மறுபடி இழுக்கும். நுரையில பாதி காத்து. அதனால உடம்பு சரியா மிதக்கவும் மிதக்காது. இயற்கையான பாறைன்னா எங்கேயாவது இடைவெளி இருக்கும். சிமென்ட் சுவர்ல கரைக்குக் கரை ஒரே மாதிரி. இறங்கித் தப்பிக்க சந்தே கிடையாது. இருபது அடி அருவியில படகோட குதிக்கிற உலக வீரர்கள்கூட, இடுப்புயரத் தடுப்பணையைப் பார்த்தா படகைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்துடுவாங்க. நாம அங்கேதான் சோப்பு டப்பாவோட போய் நிற்கிறோம்.

பிருத்விராஜ், பார்வதி நடிச்சு 2015-ல் வந்த 'என்னு நிண்டே மொய்தீன்' படம் பார்த்து அழுதிருப்பீங்க. அந்த நிஜ மொய்தீன் 1982 ஜூலையில போனது, நான் துடுப்புப் போடுற இதே இருவஞ்சிப்புழாவுலதான். தோணி கவிழ்ந்தப்போ மத்தவங்களைக் காப்பாத்தப் போராடினவர், தானும் போயிட்டார். அவரோட மனசை யாரும் குறை சொல்ல முடியாது. எங்க தெரு அண்ணனையும்தான். அந்த மனசு இருக்கிறவங்க கையில ஒரு கயிறு இருந்திருக்கணும்னுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தோணுது.

இந்த வருஷம் எங்க பிளான்

அதனால இந்த வருஷம் கிளப்புல ஒரு புது வேலை ஆரம்பிச்சிருக்கோம். படகே வேண்டாம், நீச்சலும் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிரவுண்டுல அரை மணி நேரம். பத்து மீட்டர் தள்ளி ஒரு பிளாஸ்டிக் சேர். அதைத் தாண்டிக் கயிறு விழணும். போன வாரம் கேன்டீன் அண்ணா மூணுக்கு மூணு அடிச்சு எங்க மானத்தை வாங்கிட்டார்!

பாடம் இவ்வளவுதான். யாராவது தண்ணியில மாட்டினா முதல்ல சத்தம் போடு, 112-க்கு போன் பண்ணச் சொல்லு. கைக்கெட்டுற தூரம்னா தரையில படுத்துக்கிட்டு கம்பு, துப்பட்டா, எது கிடைக்குதோ நீட்டு. தூரம்னா எறி. விசேஷக் கயிறு இல்லைன்னா, காலி தண்ணி கேனை மூடி இறுக்கி, கயிறுல கட்டி எறி. கேன் அவர் தலையைத் தண்ணிக்கு மேல தாங்கும். அது எதுவும் இல்லைன்னா மிதக்கிற எதையாவது வீசு. வெறுங்கையோட மட்டும் குதிக்காதே.

அடுத்த மாசம் உங்க கிளாஸும் எங்கேயோ டூர் கிளம்பப் போகுது. ஜன்னல் சீட்டுக்கு அடிதடி நடக்கும். ஸ்பீக்கர் யார் கொண்டு வர்றது, சிப்ஸ் யார் வாங்குறதுன்னு லிஸ்ட் போடுவீங்க. அந்த லிஸ்ட்ல இன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க ப்ளீஸ்.

கயிறு யார் கொண்டு வர்றீங்க?