பிடி அரிசியும் பேரேடும்

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். வாரத்தில் ஐந்து நாட்கள் கல்லூரியில் பற்று வரவு கற்பிப்பதும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் பற்று வரவு எழுதுவதுமாக என் வாழ்வில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2015 முதல் 2018 வரை, தென்காசிக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூர்ச் சபையின் பொக்கிஷதாரர் அடியேன்தான். பொக்கிஷதாரர் என்றதும் பெரிய பொக்கிஷத்தைக் கற்பனை செய்து கொள்ள வேண்டாம். ஒரு பழைய தகரப் பெட்டி, ஒரு பூட்டு, இரண்டு சாவி. அவற்றுள் ஒன்று பூட்டுக்குச் சேராது.

இப்பதவி எனக்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? சபைக் கமிட்டிக் கூட்டத்தில், "பொக்கிஷதாரராக யார் இருக்கிறீர்கள்?" என்று ஐயர் கேட்டார். (எங்கள் பக்கத்தில் ஆலயக் குருவானவரை "ஐயர்" என்றே அழைப்போம், மாற்றுச் சமய நண்பர்கள் குழம்ப வேண்டாம்.) உடனே அனைவரும் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினர். நான் மட்டும் தெரியாத்தனமாக நேரே பார்த்துவிட்டேன். "வணிகவியல் வாத்தியார் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?" என்றார் ஒரு பெரியவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என் மனம் அந்த ஏகத்தில் சேரவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை.

ஆலய நிர்வாகம் என்றால் வேதசாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். அது மின்கட்டணம், தண்ணீர்த் தொட்டி, ஒலிபெருக்கி, வெளவால், குடை ஆகியவை பற்றிய சாஸ்திரம் என்று பிறகுதான் தெரிந்தது.

குடை என்றேனே, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்து மலையின் ஈரத்தை எங்கள் வாசலில் கொண்டுவந்து தெளிக்கும். ஆராதனைக்கு வருவோர் அனைவரும் கறுப்புக் குடையுடன் வருவார்கள். வாசல் மூலையில் சாத்துவார்கள். ஆராதனை முடிந்ததும் "உன்னுடையதை நீ எடு" என்ற கொள்கை மறைந்து, "நல்லதை நான் எடுப்பேன்" என்ற கொள்கை தலையெடுக்கும். பிறர் பொருளை இச்சியாதே என்ற கட்டளையைச் சற்று முன்னர்தான் எல்லோரும் சேர்ந்து சொல்லியிருப்போம்! சாரல் காலம் முடியும்போது உரிமை கோரப்படாமல் கம்பி ஒடிந்த குடைகள் ஏழெட்டு மிஞ்சும். அவற்றையும் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமா என்பது தணிக்கையாளரிடம் நான் கேட்ட முதல் சந்தேகம். அவர் பதில் சொல்லவில்லை. தம் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தால் எங்கள் காணிக்கையிலும் வரவு நன்றாக இருக்கும். வெளியூர் உறவினர் குவிவார்கள். ஐந்தருவியில் அதிகாலையிலேயே குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கடைசி வரிசையில் வந்து உட்காருவார்கள். காணிக்கைப் பையில் நனைந்த நோட்டுகள் விழும். அவற்றைப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே ஆர்மோனியப் பெட்டியின்மேல் காயவைத்து எண்ணியிருக்கிறேன். ஒருமுறை காற்று புகுந்து நோட்டுகளைக் கிளப்ப, நானும் உபதேசியாரும் பலிபீடம் வரைக்கும் துரத்திச் சென்று பிடித்தோம். பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கச் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று; அங்கே காற்று அடிக்காது போலும்!

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? அதற்கு அடுத்த ஞாயிறு, நவம்பர் 13. வழக்கமாகப் பத்து ரூபாய் நோட்டுகளையே காணும் எங்கள் காணிக்கைப் பை அன்று 500 ரூபாய் நோட்டுகளால் பொங்கி வழிந்தது. சபையாரின் தியாக உணர்ச்சியைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று ஐயரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வங்கியில் வரிசையில் நிற்கப் போகிற தியாகி நீங்கள்தான்" என்றார்.

அடுத்து ஏலம். ஸ்தோத்திரப் பண்டிகையன்று வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், முதல் ஈற்று முட்டை, சேவல் என்று அவரவர் விளைவில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். கடையில் ஐந்து ரூபாய்க்கு விற்கும் எலுமிச்சம்பழம் இங்கே ஐந்நூறுக்குப் போகும். இதைப் பொருளாதார ஆசிரியர்கள் தேவை, அளிப்பு விதிகளால் விளக்க முடியாது; எதிர்வீட்டுக்காரர் கேட்ட தொகையைக் கொண்டுதான் விளக்க முடியும். ஓராண்டு, காணிக்கைச் சேவல் பிரசங்கத்தின் நடுவே மும்முறை கூவிற்று. பேதுரு மறுதலித்த கதை அன்றைய பாடமாக இல்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

இவ்வளவும் சிரிப்புக்கு. இனி, என் மனத்தைத் தைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபைகளில் "சங்கம்" என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு இவ்வளவு என்று செலுத்தும் சந்தா அது. குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, எதிரே தொகை எழுதுவோம். இதைத் தவிர "பிடி அரிசி" என்றும் ஒன்று உண்டு. உலை வைக்கும்போது தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவருவர். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதற்கும் பொருந்தும். வடகிழக்கே மிசோரத்துச் சபைகளில் 1910 முதல் இவ்வழக்கம் இருந்துவருகிறது. அங்கே சபை வருமானத்தின் பெரிய தூண்களுள் ஒன்று இந்தப் பிடி அரிசிதான். எங்கள் ஆலயத்திலோ அது ஒரு நீல நிறப் பீப்பாயில் விழும். மாதம் ஒருமுறை விற்போம். "பிடி அரிசி வரவு" என்று பேரேட்டில் ஒரே வரி. யார் போட்டார் என்று எழுதுவதில்லை.

2017-இல் சபைக் கமிட்டித் தேர்தல் வந்தது. சங்கம் பாக்கி இல்லாதவரே வாக்களிக்கலாம் என்பது விதி. நான் விதியின் அடிமை. பேரேட்டைப் புரட்டினேன், சிவப்பு மையை எடுத்தேன், இரண்டாண்டுப் பாக்கிக்காரர் பதினொருவர் பெயரை நேர்கோட்டால் அடித்தேன். மிஞ்சியவற்றைத் தெளிவாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பிழையில்லாத பட்டியல் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஒரு பாட்டியைக் காணவில்லை. தூணோரம் பாயில் உட்காருபவர். மஞ்சள் துணிப்பையில் பிடி அரிசியோடு வருபவர். கணவர் இல்லை, பீடி சுற்றிப் பிழைப்பவர். "ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொன்னார்களாம். பிறகு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்களாம்" என்றார் ஐயரம்மா. எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே போனேன்.

பாட்டி திண்ணையில் மடியில் முறத்தோடு இலை நறுக்கிக் கொண்டிருந்தார்.

"என்ன பாட்டி, ரெண்டு வாரமா கோயிலுக்கு வரலியே?"

"பேரு இல்லாத எடத்துக்கு வந்து என்ன செய்ய, ஐயா?"

"அது ஓட்டுப் போடுறவங்க பட்டியல் பாட்டி. வேற ஒண்ணும் இல்ல."

"ஓட்டு கெடக்கட்டும். நாளைக்கு நான் கண்ண மூடினா, இவ பேரு இல்லன்னு மணி அடிக்காம விட்டுருவாங்களோன்னுதான் எனக்கு விசாரம். எங்க வீட்டுக்காரரு பக்கத்துல எனக்கு எடம் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

ஒருவர் இறந்தால் எங்கள் ஊரில் ஆலய மணி மெதுவாக, விட்டுவிட்டு ஒலிக்கும். கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண் கிடைக்கும். என்னுடைய சிவப்புக் கோடு அந்த மணியின் கயிற்றையே அறுத்துவிட்டதாக அந்த அம்மாள் பதினைந்து நாள் தூங்காமல் கிடந்திருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கினேன். அவர் பாதி நம்பினார். சங்கப் பாக்கி 600 ரூபாயை நானே கட்டிவிடுகிறேன் என்றேன். அதற்கு வந்த பதில்: "நீங்க கெட்டினா அது ஒங்க சங்கம். என் சங்கம் எப்படி ஆகும்?"

கிளம்பும்போது அந்த வாரத்து அரிசிப் பையை என்னிடமே கொடுத்தார். பட்டியலில் பெயர் இல்லாதபோதும் உலையிலிருந்து பிடி எடுப்பதை அவர் நிறுத்தவில்லை! ஆலயத்தில் தராசில் வைத்துப் பார்த்தேன், அரைக் கிலோ. வாரம் அரைக் கிலோ என்றால் ஆண்டுக்கு 26 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று கொண்டாலும் 780 ரூபாய். சங்கமோ ஆண்டுக்கு 300. இரண்டரை மடங்குக்கு மேல் கொடுத்தவரைப் பாக்கிக்காரர் என்று எழுதியது என் பேரேடு. கணக்கில் பிழையில்லை. கணக்கெழுதியவனிடம் இருந்தது பிழை.

கமிட்டியில் இதைச் சொன்னேன். அரிசியைச் சங்கத்துக்கு ஈடாக வரவு வைக்கலாமே என்றேன். ஒரு பெரியவர் மறுத்தார். "இன்னார் இவ்வளவு போட்டார் என்று பிடி அரிசியை எழுத ஆரம்பித்தால் அது காணிக்கையாக இருக்காது, வரியாகிவிடும். குறைவாகப் போடுகிறவள் வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுவாள்" என்றார். யோசித்துப் பார்த்தேன், அதுவும் நியாயம்தான். இன்னொருவர், ஒருவருக்கு விலக்கு அளித்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். அதையும் மறுக்க முடியவில்லை.

அப்போது ஐயர் திருநெல்வேலிச் சபையின் வரலாற்றை நினைவூட்டினார். இவ்வட்டாரத்துச் சபையின் பழைய ஆவணங்களுள் 1780-ஆம் ஆண்டுப் பதிவேடு ஒன்று உண்டு. பாளையங்கோட்டைச் சபையில் அன்றிருந்த 40 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. கிளாரிந்தா அம்மையாரின் பெயரும் அவற்றுள் ஒன்று. அவர் ஒரு விதவை. தொடக்கத்தில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டு, 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் அதைப் பெற்றவர். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. "அந்த நாற்பது பெயர்களுக்கு எதிரே யார் எவ்வளவு பாக்கி என்றா நாம் இன்று தேடுகிறோம்? பெயர் இருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்?" என்றார் ஐயர்.

முடிவாக, விதியை மாற்றவில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலுக்கு மேலே, சபையார் அனைவரின் பெயரையும் கொண்ட பெரிய பட்டியல் ஒன்றை ஒட்டினோம். அதில் பாக்கி என்ற பத்தியே கிடையாது. அதைக் கறுப்பு மையால் எழுதியவனும் நான்தான். பாட்டி தம் பாக்கியை வாரம் பத்து ரூபாயாகக் கட்டத் தொடங்கினார். அந்தத் தேர்தலில் அவர் வாக்களிக்க முடியவில்லை. அந்தக் குறை என் கணக்கில் இன்னும் பாக்கி நிற்கிறது. அறுபது வாரத்தில் அவர் பாக்கி தீர்ந்தது. கடைசி ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிடி அரிசி மட்டும் முன்போலவே பெயரில்லாமல் நீலப் பீப்பாயில் விழுந்தது.

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பேணிக் காப்பவரின் அடி பணிவதாகக் கல்லில் எழுதி வைத்தான். கட்டியவன் அரசன்; பணிந்ததோ விளக்கேற்றுபவனுக்கும் கூரை வேய்பவனுக்கும்! எம்மதத்துக் கோயிலாயினும் அதைத் தாங்குவோரில் பெரும்பாலோர் பெயர் கல்லிலும் இராது, பேரேட்டிலும் இராது.

மாணவ நண்பர்களே, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்ற குரல் வராத பெயர்களை முன்பெல்லாம் தயங்காமல் சிவப்பு மையால் சுழிப்பேன். இப்போது பேனாவை மூடிவிட்டு, "அவன் ஏன் வரவில்லை?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறேன். வருகை குறைந்தால் குறைந்ததுதான். விதியை நான் மாற்ற முடியாது. ஆனாலும் கேட்டுவிட்டு எழுதுவதற்கும் கேளாமல் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு.

அந்தப் பாட்டி இன்றும் ஆராதனை முடிந்ததும் பலகையருகே நிற்கிறார். என்னைக் கண்டதும், "பேரு இருக்கா ஐயா?" என்கிறார். "இருக்கு பாட்டி" என்கிறேன். அதன் பிறகுதான் அவர் குடையை எடுக்கிறார். பல வாரங்களில் அது என்னுடைய குடையாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.