இரண்டாவது கோடை

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் குனிந்து ஒரு துரும்பை எடுப்பார்களா?" என்கிறீர்களா? எடுப்பார்கள், ஐயா! 1969-ல், காந்தி நூற்றாண்டில் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும். உடம்பும் மனசும் தயார். மண்வெட்டிக்கும் கூடைக்கும்தான் பணம் வேண்டும்.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் மில் தொடங்கிய ராஜபாளையத்தில் பணத்துக்கா பஞ்சம்? 2014 முதல் சட்டமே இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் லாபம் காணும் கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும். சொந்த வட்டாரத்துக்கு முதலிடம் தர வேண்டும். எந்தச் சட்டமும் கேட்காமலே தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. அவர் ஊரில் கேட்கக் கூச்சம் எதற்கு?

என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம். மரக்கன்று நடும் விழா என்றால் பந்தல் உண்டு, போட்டோ உண்டு. அடுத்த சித்திரையில் பார்த்தால் கூண்டு நிற்கும், கன்று இராது. குழி தோண்டிய பையன் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மறுபடி கூப்பிட்டால் வருவானா?

தொடர் பணி என்றால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்றாண்டு செலவிட விதி இடம் தருகிறது. ஆகவே, மில்காரரிடம் போனால் கன்றுக்கு மட்டும் கேட்காதீர்கள். இரண்டாவது கோடைக்குத் தண்ணீர் வண்டியும் சேர்த்துக் கேளுங்கள்!