மஞ்ச விளக்கும் மாஜி ரைட்டரும்

பல்லி எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் ஒன்று. ஆனால், பழைய கார் வாங்கியவனுக்கு அத்தியாவசியமான ஒரு பலனை மட்டும் எந்தப் பஞ்சாங்கத்திலும் காணோம். டேஷ்போர்டில், எஞ்சின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன பலன்?

பஞ்சாங்கம் விட்ட குறையை ஊர் தீர்த்து வைக்கும்.

"பேட்டரி ஒயரைக் கழட்டி, பத்து நிமிஷம் கழிச்சு மாட்டு மச்சி. போயிடும்!" - இது ஆபீஸ் நண்பன்.

"நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சீங்களா மாப்ளே?" - இது மாமனார்.

"எங்க வண்டியில ஆறு வருஷமா எரியுது சார். குலதெய்வத்துக்கு ஏத்தி வெச்ச விளக்கு மாதிரி அதுபாட்டுக்கு எரியும். நாங்கபாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கோம்" - இது எதிர்வீட்டுக்காரர்.

குலதெய்வம் என்று விட்டுவிட எனக்கு வசதிப்படவில்லை. காரணம், நான் கார் வாங்கியது ஊர் சுற்ற இல்லை. ஆபீசுக்கு நான் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில்தான். கார், அப்பாவுக்காக. வாரத்தில் 3 நாள் - திங்கள், புதன், வெள்ளி - காலை 6 மணி ஷிஃப்டில் குரோம்பேட்டையில் அவருக்கு டயாலிசிஸ். போகும்போதாவது பரவாயில்லை. 4 மணி நேரம் முடிந்து வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி இருப்பார். அந்த நிலையில் ஆட்டோவில் குலுங்கி வருவது அவருக்குத் தனி தண்டனை. ஆகவே 2022-ல், எனக்கு முன்னால் 2 பேர் ஓட்டி, 71 ஆயிரம் கிலோமீட்டர் பார்த்துவிட்ட 2014 மாடல் பெட்ரோல் வண்டி ஒன்றை இரண்டரை லட்சத்துக்கு வாங்கினேன்.

அப்பாவைப் பற்றி ஒரு வரி. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. ஸ்டேஷன் எழுத்து வேலைகளைப் பார்ப்பவர். ('சில சமயம் கதையும் எழுதியிருக்கேன்' என்பது அவரே தரும் வாக்குமூலம்!)

வாங்கின நாலாம் மாசம் விளக்கு எரிந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. சத்தம் இல்லை, புகை இல்லை. ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏ.சி. ரூமில் உட்கார வைத்து, காபி கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து டை கட்டிய இளைஞர் ஒருவர் எஸ்டிமேட்டை நீட்டினார்.

"சார், ஆக்ஸிஜன் சென்ஸர் போயிருக்கு. கேட்டலிடிக் கன்வர்ட்டரும் சேர்த்து மாத்திட்டா நிம்மதி. 52 ஆயிரம் வருது."

அவருக்கு நிம்மதி! இரண்டரை லட்சம் ரூபாய் வண்டிக்கு 52 ஆயிரத்தில் நிம்மதி தேடினால் இ.எம்.ஐ. யார் கட்டுவது? "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். தமிழ்நாட்டில் எந்த சேல்ஸ்மேனும் பதில் பேச முடியாத ஒரே வாக்கியம் இதுதான்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழியில், முடிச்சூர் ரோட்டில் ஒரு ஷெட்டில் நிறுத்தினேன். மெக்கானிக் பாய்க்கு 60 வயது இருக்கும். விளக்கைப் பார்த்தார். "உள்ளே இருக்கிற பல்பைப் பிடுங்கிடவா சார்? சில பேர் அப்படித்தான் கேட்கறாங்க" என்றார், என் தராதரத்தைச் சோதிக்கிற மாதிரி.

நான் எஸ்டிமேட்டைக் காட்டினேன். பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா, அப்படியே கேட்டார்: "அந்த சென்ஸர் என்னடா சொல்லுது?"

"எஞ்சினுக்குள்ள காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு சொல்லுதாம்ப்பா."

"அதைச் சொன்னதே அந்த சென்ஸர்தானே? அப்ப அது புகார் கொடுக்க வந்த ஆளு. அவனையே பிடிச்சு உள்ளே போட்டா திருடன் எங்கே போவான்?"

பாய் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "பெரியவர் என்ன வேலை பார்த்தாரு?" என்றார் மரியாதையுடன்.

அன்றைக்கு என் பையில் இருந்த 52 ஆயிரத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு கேள்வி. (பையில் அவ்வளவு இல்லை என்பது வேறு விஷயம்.)

விஷயம் இதுதான். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லா கார்களிலும் 'ஓபிடி 2' என்ற ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் அது 2013 ஏப்ரலில் வந்தது. எஞ்சினைச் சுற்றி சென்ஸர்களை வைத்து, புகை அதிகமாகிற மாதிரி எது நடந்தாலும் ஒரு நம்பரோடு குறித்து வைக்கிற ஏற்பாடு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில், 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சின்ன ஸ்கேனரை அதில் சொருகினால், அந்த நம்பர் உங்கள் செல்போனில் வந்துவிடும். என் வண்டியில் வந்தது 'பி0171'. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். எந்தப் பார்ட்ஸ் கெட்டது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை!

அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்கேனரில் வருவதை வாசிக்கச் சொல்லி, தனக்குப் புரிந்த பாஷையில் மொழிபெயர்த்துக்கொண்டார்.

நம்பர் என்பது எஃப்.ஐ.ஆர். அது விழுந்த நிமிஷத்தில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடு, எவ்வளவு பளு என்று கம்ப்யூட்டர் சேர்த்தே பதிந்து வைக்கிறதே, அது சம்பவ இடத்து மகஜர். பெரும்பாலான கோளாறுகளுக்கு முதல் தடவையே விளக்கு எரியாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் எரியும். "முதல் தடவை சொல்லி அனுப்பறது. ரெண்டாம் தடவைதான் கேஸ்." கோளாறு சரியாகி, வரிசையாக 3 ஓட்டம் சுத்தமாக இருந்தால் விளக்கு தானே அணைந்துவிடும். ஆனால் நம்பர் உடனே அழியாது. எஞ்சின் 40 தடவை சூடாகி ஆறும்வரை உள்ளே இருக்கும். "கேஸ் முடிஞ்சாலும் ஃபைல் இருக்கும்ல!"

அப்படியானால் நண்பன் சொன்ன பேட்டரி வைத்தியம்? விளக்கு அணையும்தான். கூடவே மகஜரும் போய்விடும். திருடன் மட்டும் வீட்டிலேயே இருப்பான்.

பாய் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு, இரண்டு நிமிஷம் சும்மா நின்றார். பிறகு ஒரு ரப்பர் ஹோஸை விரலால் வளைத்துக் காட்டினார். மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. 8 வருஷச் சூட்டில் ரப்பர் முறுக்கு மாதிரி ஆகியிருந்தது. காற்றை அளந்து விடுகிற இடத்துக்கு அப்புறமாக, கணக்கில் வராத காற்று அந்த வழியே 'உஸ்' என்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாவம், சென்ஸர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஹோஸ் 180 ரூபாய். கூலி 200. மூன்றாம் நாள் விளக்கு தானாகவே அணைந்தது.

இதோடு 'சுபம்' போட்டுவிடலாம் என்றால், பழைய வண்டியாச்சே! அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை. டயாலிசிஸ்காரர்களுக்குத் திங்கள் கொஞ்சம் கஷ்டமான நாள். வெள்ளிக்குப் பிறகு இடைவெளி ஒரு நாள் அதிகம் என்பதால், வெளியேற வேண்டிய நீரெல்லாம் உடம்பிலேயே நிற்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. 5.40-க்கு சானடோரியம் தாண்டுகையில் வண்டி உதறியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை... கண் சிமிட்டியது!

எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அதற்குள் படித்து வைத்திருந்தேன். நிலையாக எரிந்தால், 'இந்த வாரத்துக்குள்ள பாருப்பா' என்று அர்த்தம். சிமிட்டினால், ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பற்றாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் வழியில் உள்ள கன்வர்ட்டருக்குப் போய், அங்கே எரிந்து, அதை உருக்கிவிடலாம் என்று அர்த்தம். நச்சுப் புகையைச் சுத்தம் பண்ணுவதற்காக அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கிறார்கள். நகைக்கடையில் வைக்க வேண்டிய சாமானை சைலன்ஸரில் வைத்திருப்பதால்தான் அந்த விலை!

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மெதுவாக இடது ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தேன்.

"என்னடா, போகலாமே? ஓடுதில்ல?"

"சிமிட்டுதுப்பா."

ஒரு விநாடி யோசித்தார். "அப்ப வாரண்ட் இல்லாமலே பிடிக்கிற கேஸு. பூட்டு வண்டியை" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆட்டோ கிடைக்க எட்டு நிமிஷம் ஆயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் என் தோளில் கை வைத்து நிற்க, நான் போகிற ஆட்டோவையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். 6.10-க்கு அவரை மெஷினில் போட்டார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மதியம் பாய் வந்தார். ஸ்கேனரில் 'பி0303'. மூன்றாவது சிலிண்டர் பற்றவில்லை. பிளக்கா, காயிலா, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் பர்ஸ் காலி. பாய் ஒரு வேலை செய்தார். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டினார்; முதலாவதை மூன்றில். பழைய நம்பரை அழித்துவிட்டு ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் புது நம்பர் வந்தது: 'பி0301'. காயில் இடம் மாறியதும் கோளாறும் கூடவே இடம் மாறிவிட்டது! பிளக்கும் இன்ஜெக்டரும் நிரபராதி. காயில் 2,100 ரூபாய்.

சாயங்காலம் இதை அப்பாவிடம் சொன்னபோது கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அடையாள அணிவகுப்புடா இது!"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் மஞ்ச விளக்கு எரிஞ்சுதுடா. சர்வீஸ்ல இருந்தப்பவே கால் ரெண்டும் வீங்கும். நான் என்ன பண்ணேன் தெரியுமா? செருப்பை ஒரு சைஸ் பெருசா வாங்கினேன்."

பல்பைப் பிடுங்குவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டயரை உதைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சாவியை ஒரு திருப்பு திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், யாரோ செருப்பின் சைஸை மாற்றியிருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்போது நம்பரே இல்லாமல், 'உள் சோதனைகள் இன்னும் முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில்தான் ஃபைலைத் துடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பில் எண்ணெய்க் கூஜா படமோ, தெர்மாமீட்டர் படமோ எரிந்தால் இந்தக் கட்டுரையெல்லாம் ஞாபகத்துக்கு வர வேண்டாம். பத்திரமாக ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

இப்போதும் வண்டி ஓடுகிறது. விளக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து விசாரித்துவிட்டுத்தான் போகிறது. திங்கள், புதன், வெள்ளி, அதிகாலை 5.30. நான் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். அப்பா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"ரோல் கால் ஆச்சா? எல்லாரும் ஆஜரா?"

"ஆஜர்ப்பா."

"அப்ப எடு வண்டியை."